பூஞ்சையியல் படித்த ஒரு பருவம்

செய்முறைக் குறிப்பேட்டின் ஏழாவது பக்கத்தில் நான் வரைந்திருந்த படம் மிக அழகாக அமைந்திருந்தது. அதிலிருந்த ஒரே குறை, அது நான் பார்த்த பூஞ்சையின் படம் அல்ல என்பதுதான்.

உயிரியல் இளநிலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் பூஞ்சையியலை விருப்பப் பாடமாக எடுத்திருந்தேன். வளர்ப்பு ஊடகம் ஊற்றிய பெட்ரி தட்டு ஒன்றைப் பத்து நிமிடம் திறந்து வைத்து, காற்றிலிருந்து விழுந்து முளைப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து அடையாளம் காண வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட முதல் பெரிய வேலை. ஐந்தாம் நாள் என் தட்டில் கரித்தூளைத் தூவினாற்போல் ஒரு காலனி வளர்ந்திருந்தது. கருப்பு, தூள் போன்ற மேற்பரப்பு, நுண்ணோக்கியில் பார்த்தால் காம்பின் நுனியில் உருண்டைத் தலை: பாடநூலில் இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். உடனே நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, காம்பு, அதன் உச்சியில் உப்பிய குமிழ், குமிழின் மேல் மெட்டுலா எனப்படும் கீழடுக்கு, அதன் மேல் ஃபியாலைடு எனப்படும் மேலடுக்கு, அதிலிருந்து மணிச்சரம் போல் தொங்கும், கொனிடியங்கள் எனப்படும் ஸ்போர்கள் (பூஞ்சையின் வித்துகள்) என்று எல்லாவற்றையும் பெயரெழுதி, கோடிட்டு வரைந்து முடித்தேன்.

கையொப்பமிட வந்த பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். சிறிது நேரம் கழித்து எழுந்து, "நீ வரைந்திருக்கும் கீழடுக்கு சிலைடில் எங்கே இருக்கிறது? காட்டு, பார்க்கலாம்" என்றார். நான் கால் மணி நேரம் குவியத் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு தலையிலும் கீழடுக்கு இல்லை. ஃபியாலைடுகள் குமிழின் மேலேயே நேராக அமர்ந்திருந்தன. கருப்பு ஆஸ்பர்ஜில்லஸ்களில் நைஜருக்கு இரண்டு அடுக்கு உண்டு. அக்குலியேட்டஸ், ஜப்பானிகஸ் போன்றவற்றுக்கு ஓரடுக்கே உண்டு. அந்த வேறுபாடு என் கண்ணெதிரே இருந்தும் நான் காணவில்லை. இல்லாத அடுக்கை மட்டும் ஒழுங்காக வரைந்து வைத்திருந்தேன்.

அன்று எனக்கு ஆறுதலாக ஒரு வரலாறும் சொன்னார். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் விழுந்த பெனிசிலியத்துக்கும் முதலில் தவறான பெயரே வைக்கப்பட்டது. 1929இல் வெளிவந்த அவருடைய கட்டுரை அதை பெனிசிலியம் ரூப்ரம் என்பதோடு சேர்த்துப் பேசியது. பிறகு அமெரிக்கப் பூஞ்சையியலாளர் சார்லஸ் தாம் அதை பெனிசிலியம் நொட்டேட்டம் என்றார். இன்று மரபணு வரிசையின் அடிப்படையில் அது பெனிசிலியம் ரூபென்ஸ் எனப்படுகிறது. அதிலிருந்து வந்த பெனிசிலின் மருந்து பெயரைக் கேட்டு வேலை செய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே பூஞ்சையை இன்னொருவர் மீண்டும் வளர்க்க வேண்டுமானால் பெயர் சரியாக இருந்தாக வேண்டும்.

அந்த ஏழாம் பக்கத்திற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் எளியது: வரைந்து முடிக்கும் வரை பாடநூல் பைக்குள் இருக்கும். முதலில் பென்சிலால் நான் காண்பதை மட்டும் வரைவேன். தெளிவாகத் தெரியாத இடத்தில் கோட்டை நிறுத்திவிடுவேன். பெயரெழுதும் கோடுகளைக் கடைசியில்தான் இடுவேன். கண்வில்லையில் பொருத்தும் அளவுகோலைக் கொண்டு ஒரு கொனிடியத்தின் விட்டத்தையாவது அளந்து, படத்தின் ஓரத்தில் மைக்ரோமீட்டரில் எழுதுவேன். நைஜரின் கொனிடியம் ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர் அளவிலானது. ரொட்டியில் படரும் பூஞ்சையான ரைசோபஸின் ஸ்போர்கள் அதைவிடத் தெளிவாகப் பெரியவை. அளவு எழுதப்படாத படத்தில் இரண்டும் ஒரே வட்டம்தான். பூஞ்சையியல் செய்முறையில் மதிப்பெண் இழப்பவர்களில் பெரும்பாலோர் கைத்திறன் இல்லாமல் இழப்பதில்லை, பார்க்காமல் இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். என்னுடன் படித்தவர்களில் மிக மோசமாக வரையும் ஒருவர்தான் மிக அதிக மதிப்பெண் பெற்றார்.

பார்ப்பதற்கு முதலில் சிலைடு பார்க்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். என் முதல் பத்து சிலைடுகளும் காற்றுக் குமிழிகளும் கருந்திட்டுகளுமாகவே இருந்தன. காலனியின் நடுப்பகுதியிலிருந்து எடுத்தது ஒரு காரணம். நடுவில் இருப்பது காலனியின் வயதான பகுதி. அங்கு கொனிடியங்கள் உதிர்ந்து குவிந்து கிடக்கும், அவற்றைத் தாங்கிய அமைப்பு நொறுங்கிப் போயிருக்கும். ஓரத்திலிருந்து சிறிது உள்ளே, நிறம் மாறத் தொடங்கும் வளையத்தில் எடுத்தால், இளங்காம்புகள் தலையோடு முழுதாகக் கிடைக்கும். இன்னொரு காரணம், பூஞ்சையின் மேற்பரப்பு நீரை எளிதில் ஏற்காது என்பதை நான் அறியாதிருந்தது. லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாயத்தை நேரே விட்டால் இழைகளுக்கிடையே காற்று சிக்கிக்கொள்கிறது. முதலில் ஒரு துளி 70 விழுக்காடு எத்தனாலில் இழைகளை நனைத்து, இரண்டு ஊசிகளால் மெல்லப் பிரித்து, எத்தனால் பெரும்பாலும் ஆவியான பின் சாயத்தை விட வேண்டும். பற்றவைத்த சுடரை அணைத்துவிட்டுத்தான் எத்தனால் புட்டியைத் திறக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நண்பரின் புருவம் அதை எனக்குக் கற்றுத் தந்தது. அந்தச் சாயக் கரைசலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு: ஃபீனால் பூஞ்சையைக் கொல்கிறது, லாக்டிக் அமிலம் அமைப்பைச் சிதையாமல் காக்கிறது, காட்டன் புளூ செல்சுவரின் கட்டுமானப் பொருளான கைட்டினை நீலமாக்குகிறது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்காதவர்களை நான் கண்டதில்லை.

ஒளி ஊடுருவும் ஒட்டுநாடா முறை இன்னும் எளியது. சிறு துண்டு நாடாவின் பசைப்பக்கத்தைக் காலனியின் மேல் மெல்லத் தொட்டு எடுத்து, சாயத்துளியின் மேல் வைத்தால், கொனிடியங்கள் சரம் குலையாமல் வரும். நேரம் இருந்தால் சிலைடு வளர்ப்பு முறையே சிறந்தது. அகார் (ஊடகத்தை உறைய வைக்கும் கடற்பாசிப் பொருள்) கொண்ட சிறு கட்டியின் நான்கு பக்கங்களிலும் பூஞ்சையை வைத்து மேலே மூடுவில்லையை இட்டால், பூஞ்சை தானாகவே வில்லையில் படர்ந்து வளரும். வில்லையை எடுத்துச் சாயத்தில் கவிழ்த்தால் போதும். ஊசியே படாத அமைப்பை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஊசி படுவதற்கு முன் பார்க்க வேண்டியவையும் உண்டு. ரைசோபஸையும் அதை ஒத்த மியூக்கரையும் பிரித்தறியும் அடையாளம், ரைசோபஸின் காம்புகள் புறப்படும் கணுவில் கீழ்நோக்கி வேர் போன்ற இழைகள் இருப்பதும், ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குக் கொடி போல் இழை ஓடுவதும். ஊசியால் பிரித்த சிலைடில் இந்த உறவு அறுந்துவிடும். மிஞ்சுவது கருப்புத் தலையுள்ள ஒரு காம்பு, அது எதுவாகவும் இருக்கலாம். ஆகவே மூடிய தட்டை அப்படியே குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்து, மூடியின் வழியாகவே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பிறகு திறப்பேன்.

ஊடகம் தயாரிப்பது சமையலைப் போன்றது; இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும். ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கின் வடிநீர், 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 முதல் 20 கிராம் அகார். அழுத்தக் கொதிகலனில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம். சற்று ஆறி 45 முதல் 50 டிகிரிக்கு வந்தபின் ஊற்றினால் மூடியில் நீர் கோத்துக்கொள்வது குறையும். பெயரையும் நாளையும் மூடியில் எழுதாமல் அடித்தட்டில் எழுத வேண்டும், ஏனெனில் மூடிகள் மாறிவிடும். இவ்வளவும் கைப்பழக்கம். உண்மையான துன்பம் வேறு இடத்திலிருந்து வந்தது.

பருவத்தின் நடுவில், நான் தூய்மையாகப் பிரித்து வைத்திருந்த பதினொரு தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அந்நியக் காலனிகள் முளைத்தன. தூய்மைக் குறைவு என்று எண்ணி, ஊசியை இன்னும் சிவக்கக் காய்ச்சினேன், மேசையை இன்னும் அழுத்தித் துடைத்தேன், பயனில்லை. பிறகு ஒரு தட்டைச் சாய்த்து ஒளியில் பார்த்தபோதுதான் அந்நியக் காலனிகள் சிதறிக் கிடக்காமல் ஒரு வளைகோட்டில் வரிசையாக இருப்பதைக் கவனித்தேன். யாரோ நடந்து போன தடம் போல. உண்மையிலேயே நடந்துதான் போயிருந்தார்கள். உருப்பெருக்கியின் கீழ், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள உண்ணிகள் அகாரின் மேல் உலவிக்கொண்டிருந்தன. அவை பூஞ்சையைத் தின்று, உடலில் ஒட்டிய ஸ்போர்களோடு மூடியின் இடுக்கு வழியே தட்டுக்குத் தட்டு போய்வருகின்றன. வெளியிலிருந்து கொண்டுவந்த உளுத்த மரத்துண்டு ஒன்றை நானே என் தட்டுகளுக்கு அருகில் வைத்திருந்தேன். ஆறு வார உழைப்பு கொதிகலனுக்குப் போயிற்று. அதன் பிறகு, களத்திலிருந்து வரும் எதையும் வளர்ப்புத் தட்டுகள் இருக்கும் அறைக்குள் நான் கொண்டு சென்றதில்லை. ஒவ்வொரு தட்டின் விளிம்பையும் பாராஃபிலிம் எனும் இழுபடும் மெழுகுத் தாளைச் சுற்றி அடைத்தேன். ஒவ்வொரு பூஞ்சைக்கும் சாய்வாக உறைந்த ஊடகமுள்ள சோதனைக்குழாயில் ஒரு பிரதியைக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

திறந்த தட்டை முகர்ந்து பார்க்கும் பழக்கம் எங்களில் பலருக்கு இருந்தது. அதை எவ்வளவு கடுமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கடுமையாக வேண்டாம் என்பேன். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் போன்றவை மனித உடல் வெப்பமான 37 டிகிரியிலும் நன்கு வளர்பவை. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களின் நுரையீரலைத் தாக்கக்கூடியவை. காற்றிலிருந்து பிடித்த தட்டில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே வகுப்பு நடக்கிறது.

இனி, இந்தப் பாடத்தில் நான் மிக விரும்பிய பகுதிக்கு வருகிறேன். வகுப்பில் எல்லோரும் முகம் சுளித்த பகுதியும் அதுதான். புல் தின்னும் விலங்கின் புதிய சாணத்தை, ஈரத் தாள் விரித்த கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு மூடி, வெளிச்சமுள்ள இடத்தில் வைத்து, நாள்தோறும் பார்த்துக் குறிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது குதிரை இலத்தி. வெளியிலிருந்து எதையும் நாம் விதைப்பதில்லை. புல்லோடு விலங்கின் வயிற்றுக்குள் போய், குடலைக் கடந்து வந்த ஸ்போர்களே முளைக்கின்றன. மூன்றாம் நாள் மியூக்கரின் சாம்பல் நிற முடிக்காடு எழுந்தது. அடுத்த நாள் மூடியின் உட்புறத்தில், சன்னல் இருக்கும் பக்கத்தில் மட்டும், மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தன. அதை உண்டாக்கியது எது என்று இலத்தியில் தேடினால் துவண்ட இழைகளைத் தவிர ஒன்றுமில்லை. மறுநாள் பிற்பகலிலும் அதே கதை.

பைலோபோலஸ் எனும் அந்தப் பூஞ்சை காலையில்தான் சுடும் என்பதை அதற்குப் பிறகு படித்தேன். காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது, பனித்துளி போல் பளபளக்கும் குமிழ்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கருந்தொப்பி, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து நின்றன. தொப்பிக்குக் கீழுள்ள அந்தக் குமிழே ஒளியைக் குவிக்கும் வில்லையாக வேலை செய்து, காம்பை வெளிச்சத்தின் பக்கம் திருப்புகிறது. குமிழுக்குள் நீரழுத்தம் ஏறி வெடிக்கும்போது, தொப்பியாகிய ஸ்போர்ப் பை இரண்டு மீட்டர் தொலைவு வரைகூடப் பறக்கும். சில மில்லிமீட்டர் உயரமே உள்ள ஒன்றுக்கு இந்த ஆற்றல் தேவைப்படும் காரணமும் எளியது: எந்த விலங்கும் தன் சாணத்தை ஒட்டி முளைத்த புல்லை விரும்பித் தின்பதில்லை, அப்பால் உள்ள புல்லில் போய் ஒட்டினால்தான் மீண்டும் ஒரு வயிற்றுக்குள் நுழைய முடியும். நான் பாத்திரத்தை அரைச்சுற்று திருப்பி வைத்தேன். மறுநாள் புதிய புள்ளிகள் மூடியின் எதிர்ப்பக்கத்தில் விழுந்திருந்தன. அந்த ஒரு பாத்திரத்தை ஐந்து வாரம் காத்தேன். பைலோபோலஸ் மறைந்தபின் சொர்டேரியாவின் கருங்குடுவைகளும் ஆஸ்கோபோலஸின் சிறு தட்டுகளும் வந்தன. கடைசியாக, ஒரே இரவில் எழுந்து மறுநாள் மதியத்துக்குள் மையாகக் கரையும் மைக்குடைக் காளான்கள். மியூக்கர் வகை, பிறகு ஆஸ்கஸ் வகை (பைக்குள் ஸ்போர் உண்டாக்குபவை), பிறகு பசிடியம் வகை (காளான்கள் சேர்ந்த கூட்டம்) என்ற அந்த வரிசையை நான் மனப்பாடம் செய்யவே இல்லை, இன்றும் மறக்கவில்லை.

இதை ஒத்த பாத்திரம் வைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பார்க்கும் நாளை மட்டுமன்றி, பார்க்கும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பிற்பகலில் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று நான் எழுதிய குறிப்பு பொய்யில்லை. ஆனால் அது பூஞ்சையைப் பற்றிய குறிப்பும் இல்லை.

கோட்பாட்டுத் தாளில் எங்களை அலைக்கழித்தது பெயர்களின் குழப்பம். எங்கள் பாடத்திட்டத்தில் டியூட்டரோமைசீட்டுகள் தனிப் பிரிவாக இருந்தன. பாலினப் பெருக்க நிலை அறியப்படாத பூஞ்சைகளைப் போட்டு வைத்த பரண் அது. வாழ்க்கைச் சுழற்சியின் இரு நிலைகளுக்கு இரு பெயர்கள் வைக்கும் வழக்கமும் இருந்தது. ஃபியூசேரியம் கிராமினியேரம் என்பதும் கிப்பரெல்லா சியே என்பதும் ஒரே உயிர். 2011இல் மெல்போர்னில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு இந்த இரட்டைப் பெயர் முறையை முடித்துவைத்தது. 2013 சனவரி 1 முதல் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்தான். மியூக்கரும் ரைசோபஸும் அடங்கியிருந்த சைகோமைக்கோட்டா எனும் பிரிவும் 2016இல் மியூக்கரோமைக்கோட்டா, சூப்பகோமைக்கோட்டா என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நூலகத்தின் பழைய நூல் ஒன்று, விரிவுரை இன்னொன்று, இணையத் தரவுத்தளம் வேறொன்று சொல்லும்போது எது சரி என்று மாணவர்கள் சண்டையிடுவதைவிட, ஒரு தாளில் மூன்று பத்தி பிரித்து, பழைய பெயர், இன்றைய பெயர், மாறிய காரணம் என்று எழுதிக்கொள்வது பயன் தரும். அந்த மூன்றாவது பத்திதான் தேர்வில் எனக்குக் கைகொடுத்தது.

பூஞ்சைபோல் தோன்றினாலும் பூஞ்சையல்லாத ஊமைசீட்டுகளையும் இங்கே சொல்ல வேண்டும். 1845இல் தொடங்கி அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய உருளைக்கிழங்குக் கருகல் நோயின் காரணி ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் எனும் ஊமைசீட்டு. அந்தப் பெயரை 1876இல் வைத்தவர் ஆன்டன் டி பாரி. பூஞ்சைபோல் இழைவிட்டு வளர்ந்தாலும், அதன் செல்சுவரில் முதன்மையானது கைட்டின் அன்று, செல்லுலோஸ். நீந்தும் ஸ்போருக்கு இரண்டு கசையிழைகள். உறவோ பழுப்புப் பாசிகளுடனும், டயட்டம்கள் எனும் நுண்பாசிகளுடனும். உண்மைப் பூஞ்சைகளோ தாவரங்களைவிட விலங்குகளுக்கு நெருங்கியவை. பூஞ்சைக்கொல்லி மருந்துகளில் பல, பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் எனும் பொருளைக் குறிவைப்பவை என்பதால், ஊமைசீட்டுகளிடம் அவை பெரும்பாலும் பலிப்பதில்லை என்று ஒரு விரிவுரையில் கேட்ட பிறகுதான், வகைப்பாடு என்பது அலமாரி அடுக்கும் வேலை மட்டுமன்று என எனக்கு உறைத்தது.

வாழ்க்கைச் சுழற்சிகளுக்கு நான் மூன்று வண்ணப் பென்சில்களைப் பயன்படுத்தினேன். ஒருமடிய நிலைக்கு (உட்கருவில் ஒரு தொகுதி குரோமோசோம்) மஞ்சள், இரு உட்கருக்கள் இணையாமல் அருகருகே வாழும் நிலைக்குப் பச்சை, இருமடிய நிலைக்கு (இரண்டு தொகுதி) சிவப்பு. மியூக்கர், சொர்டேரியா, காளான் ஆகிய மூன்றையும் இப்படி வரைந்து பக்கத்தில் பக்கமாக ஒட்டினால், சிவப்பு எங்கும் ஒரு சிறு புள்ளியாகவே இருப்பதும், பச்சை மியூக்கரில் இல்லாமலும், சொர்டேரியாவில் சிறு துண்டாகவும், காளானில் வாழ்நாளின் பெரும்பகுதியாகவும் விரிவதும் ஒரு பார்வையில் விளங்கும். கோதுமைத் துருநோய்ப் பூஞ்சையின் ஐந்து வகை ஸ்போர் நிலைகளும் இரண்டு ஓம்புயிர்களும் மட்டும் இந்த முறைக்கும் எளிதில் அடங்கவில்லை. அதை ஏழெட்டு முறை வரைந்தே படித்தேன். குறுக்குவழி ஏதும் எனக்குக் கிடைக்கவில்லை.

உண்ணிகள் அழித்த பதினொரு தட்டுகளுக்கு மாற்றாக நான் மீண்டும் பிரித்தெடுத்தவற்றில், தூய வெள்ளைப் பஞ்சு போன்ற ஒன்று இருந்தது. உளுத்த மரத்திலிருந்து வந்தது. ஒரு ஸ்போரையும் அது உண்டாக்கவில்லை. ஊடகத்தை மாற்றினேன், வெளிச்சத்தில் வைத்தேன், குளிரில் வைத்தேன், வெள்ளையாகவே இருந்தது. ஸ்போர் இல்லாத பூஞ்சைக்கு அடையாளத் திறவுகோலின் முதல் கேள்வியிலேயே வழி அடைபட்டுவிடும். மரபணு வரிசையைப் படிக்க எங்கள் வகுப்புக்கு வசதி இல்லை. குறிப்பேட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள், வேறு வேலை இல்லாததால், இளைய விளிம்பிலிருந்து மீண்டும் ஒரு சிலைடு செய்து, எண்ணெய் முக்குவில்லையில் இழைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்றேன். ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழித்து ஒரு குறுக்குச்சுவரின் பக்கத்தில், கைப்பிடி போல் வளைந்து இரண்டு செல்களைச் சேர்க்கும் சிறு புடைப்பைக் கண்டேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அந்தக் கொண்டி இணைப்பு பசிடியம் வகைப் பூஞ்சைகளின் இரட்டை உட்கரு இழைகளில் வருவது.

இரண்டையும் வரைந்தேன், குறுக்குச்சுவர் தெளிவாகத் தெரியாத ஓரிடத்தில் கோட்டை நிறுத்தினேன். படத்தின் கீழே, "பசிடியோமைக்கோட்டா. பேரினம், இனம் தெரியவில்லை" என்று எழுதினேன். பேராசிரியர் இம்முறையும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். எழுந்தவர், கோடு நின்ற இடத்தைப் பென்சில் முனையால் ஒருமுறை தொட்டுவிட்டுக் கையொப்பமிட்டார்.